கோட்டைச் சுவரும் எங்கள் வீட்டுப் படமும்

என் தங்கை வெளிநாடு போய்த் திரும்பி வந்த மூன்றாவது நாள்தான் அவளைப் பார்க்கப் போனேன். முதல் நாளே போயிருக்கலாம். அவளாகக் கூப்பிடட்டும் என்று வீம்பாக இருந்தேன். கூப்பிட்டுவிட்டாள். “எப்பக்கா வர்ற? ஒன்ன எதிர்பாத்துகினே ஒக்காந்துகினு இருக்கேன்” என்றாள். இந்தப் பிரியம்தான் எனக்கு எப்போதும் எரிச்சல். அவள் கொஞ்சம் திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் நானும் நிம்மதியாகப் பொறாமைப்பட்டிருப்பேன்.

பொறாமைதான். அடுத்தவர் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். எனக்கும் அவளுக்கும் ஒன்பது வயது வித்தியாசம். எங்கள் ஊரை நிலக்கரி மைன்ஸுக்கு எடுத்தபோது அவள் தவழ்கிற பிள்ளை. டவுன்ஷிப்புக்கு வெளியே மனை கொடுத்தார்கள், அங்கே கொட்டகை போட்டு வளர்ந்தோம். பிறகு எனக்கு வாய்த்தவர் காண்ட்ராக்ட், அவளுக்கு வாய்த்தவர் பர்மனென்ட். நெய்வேலிக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: இரண்டு பேரும் ஒரே சுரங்கத்தில் ஒரே ஷிப்டில் இறங்கினார்கள். மேலே ஏறி வந்ததும் அவள் வீட்டுக்காரர் வேப்பமரம் வைத்த குவார்ட்டர்ஸுக்குப் போவார், என் வீட்டுக்காரர் அடுத்த மாதமும் வேலை உண்டா என்று மேஸ்திரியைக் கேட்கப் போவார். நான் அதே பழைய மனையில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்தேன். அவள் வெளிநாட்டுக்குக் கொண்டுபோன ஜாக்கெட்டுகள்கூட நான் தைத்தவைதான்.

அவளுடைய ஒரே மகள் கட்டடக்கலை படித்தவள். மேல்படிப்புக்காக ஐரோப்பாவுக்குப் போனாள், அங்கேயே வேலையும் கிடைத்தது. எங்கள் சொந்தத்தில் விமானம் ஏறிய முதல் ஆள் அவள், இரண்டாவது ஆள் என் தங்கை. மூன்றாவது யார் என்று நான் நினைத்துப் பார்ப்பதில்லை.

எனக்கென்று இருந்த சொத்து ஒன்றே ஒன்று. எங்கள் பழைய வீட்டைப் பார்த்த ஞாபகம் எனக்கு உண்டு, அவளுக்குக் கிடையாது. பெற்றவர்கள் இருவரும் போய்ச்சேர்ந்த பிறகு அந்த வீடு என் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. ஒரு போட்டோகூடக் கிடையாது. சுவர் எந்த நிறம், அடுப்பு எங்கே, தான் பிறந்தது எந்த மூலையில் என்று அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். நான் கிள்ளிக் கிள்ளித்தான் கொடுப்பேன். ஒரு தீபாவளிக்குச் சுவரில் பூசிய செம்மண்ணைச் சொல்வேன், அடுத்த பொங்கலுக்குக் கொல்லையில் இருந்த பலாமரம். எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லிவிட்டால் அப்புறம் என்னைத் தேடி எதற்கு வருவாள் என்று ஒரு கணக்கு.

அன்றைக்குக் குவார்ட்டர்ஸ் ஹாலில் உட்கார்ந்து அவள் போனில் எடுத்த வீடியோவைக் காட்டினாள். ஊர் நடுவே பெரிய சதுக்கம், மேலே டிராம் ஓடுகிறது. ஓரத்தில் படிக்கட்டு. அதில் இறங்கினால் மண்ணுக்கடியில் ஒரு கோட்டை. பல நூறு வருஷத்துக்கு முன் இடிந்துபோன கோட்டையாம். கார் நிறுத்த இடம் வேண்டும் என்று தோண்டியிருக்கிறார்கள், சுவர் வந்திருக்கிறது. வேலையை அப்படியே நிறுத்தி, சுற்றிலும் தூண் கொடுத்து, மேலே தளம் போட்டு மியூசியம் ஆக்கிவிட்டார்கள். ஆள் உயரத்துக்குக் கருங்கல் சுவர், அதற்கு நடுவே கல் பாவிய ஒரு சந்து, ஒரு கிணறு. எதன் மேலும் கால் படாமல் கண்ணாடிப் பாலத்தில் நடக்கிறார்கள். என் தங்கை மகள் அந்தச் சுவர்களை அளந்து படம் போடுகிற வேலையில் இருக்கிறாள்.

வீடியோ ஒரு மூலைக்குப் போய் நின்றது. கோட்டைச் சமையலறை. சுவரில் கரி படிந்திருந்தது. அதற்கென்று தனியாக ஒரு விளக்கு.

“யாரோ ஆக்கித் தின்ன அடுப்புக் கரிக்கா. இன்னும் செவுத்துல அப்படியே இருக்குது. அதப் பாத்ததும் நம்ம வூட்டு நெனப்பு வந்து அழுதுட்டேன்” என்றாள் தங்கை.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. முதலில் அந்தக் கரியின் மேல். எவளோ ஒருத்தி வெளக்காமல் விட்ட கரிக்கு ஏ.சி., விளக்கு, காவலுக்கு ஆள். எங்கள் ஊரிலும் தோண்டத்தான் தோண்டினார்கள், அடியில் கிடைத்தது நிலக்கரி, அதற்கு மேலே இருந்த நாங்கள் வாரி அப்புறப்படுத்துகிற மேல்மண். அதற்கடுத்து இவள் மேல். தனக்கு ஞாபகமே இல்லாத வீட்டை நினைத்து அழ இவளுக்கு என்ன உரிமை இருக்கிறது? அழ வேண்டியவள் நான். அதையும் விமானம் ஏறிப் போய் இவளே அழுதுவிட்டு வந்துவிட்டாள்.

அந்த வாரமே தங்கை மகள் கம்ப்யூட்டரில் வீடியோ கால் போட்டாள். பழைய வீட்டை வரைந்து அம்மாவுக்குக் கொடுக்கப் போகிறாளாம், பெரியம்மா அளவு சொல்ல வேண்டுமாம். என் தலைக்குள் இருந்த கடைசிச் சொத்துக்கும் ஆள் வந்தாயிற்று. மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. தங்கை நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு வந்து, பாடம் கேட்கிற மாதிரி என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் தையல்காரி. அளவு சொன்னால் யாரும் நம்புவார்கள். வாசல் மைன்ஸ் பக்கம் பார்த்தது என்றேன். உள்ளே பத்துக்கு எட்டு, தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆறுக்கு எட்டு. அடுப்பு வலது மூலை. கிணறு எங்கள் வேலிக்கு உள்ளே. அப்புறம் தங்கை, தான் பிறந்த மூலையைக் கேட்டாள். அவள் பிறந்தது மாட்டுக் கொட்டாயில் என்று சொன்னேன். முகம் சுளிப்பாள் என்று பார்த்தேன். “அதான் எனக்கு மாடுன்னா உசுரு” என்று சந்தோஷமாக எழுதிக்கொண்டாள்.

நான் சொன்னவற்றில் சிலது உண்மை, சிலது வேண்டுமென்றே மாற்றிச் சொன்ன பொய். அசல் என்னிடமே இருக்கட்டும், அவளுக்கு நகல் போதும் என்ற எண்ணம். எது எது என்று அன்றைக்கு எனக்குத் துல்லியமாகத் தெரியும்.

இரண்டு மாதத்தில் படம் வந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினாள். கூரை, தடுப்பு, அடுப்பு, கிணறு எல்லாம் மெல்லிய கறுப்புக் கோடுகளில். வருகிறவர்களையெல்லாம் அதன் முன்னால் நிறுத்தி, “எங்க அக்கா ஞாபகத்துலேர்ந்தே சொன்னது” என்பாள். குள்ளஞ்சாவடியிலிருந்து வந்த தூரத்துச் சொந்தம் ஒருவர், அந்த வீட்டு வாசலை மிதித்தே இராதவர், அப்படியே இருக்கிறது என்று தலையாட்டினார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. போகும்போதெல்லாம் அந்தப் படத்துக்கு எதிரே உட்கார்ந்துதான் காபி குடிப்பேன். நாலைந்து வருஷம் அப்படிக் குடித்தேன்.

தங்கை மகள் லீவுக்கு வந்தாள். வந்த மறுநாள் என்னையும் வரச்சொல்லி, அந்தப் படத்தைப் பென்சிலில் போட்ட பெரிய பிரதி ஒன்றைத் தரையில் விரித்தாள்.

“எங்க மியூசியத்துல, கண்ணால பாத்த சுவருக்குத்தான் முழுக்கோடு போடுவோம் பெரிம்மா. இப்படி இருந்திருக்கும்னு நெனக்கறதுக்குப் புள்ளிக்கோடு. அப்ப நான் அவசரத்துல எல்லாத்துக்கும் முழுக்கோடு போட்டுட்டேன். எதெல்லாம் சந்தேகம்னு சொல்லுங்க, மாத்திடறேன்” என்று என் கையில் பென்சிலைக் கொடுத்தாள்.

சொல்லிவிடுவது என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன். திட்டினால் திட்டட்டும். பென்சிலை அடுப்பின் மேல் கொண்டுபோனேன். வலது மூலை பொய்யா, உண்மையா? கண்ணை மூடிப் பார்த்தேன். வீடு வரவில்லை. கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த கறுப்புக் கோடுகள்தான் வந்தன. கிணறும் அப்படியே. பொய் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது, எதைப் பொய்யாகச் சொன்னேன் என்பதுதான் நினைவில்லை.

வாசல் ஒன்றாவது நிச்சயம் என்று, அது மைன்ஸ் பக்கம்தான் பார்த்தது என்றேன். அந்தக் காலத்தில் மைன்ஸ் எந்தப் பக்கம் இருந்தது என்று அவள் கேட்டாள். நாங்கள் இங்கே யாரும் வடக்கு தெற்கு சொல்வதில்லை. மைன்ஸ் பக்கம், அனல்மின் நிலையம் இருக்கிற பக்கத்தைத் தெர்மல் பக்கம் என்றுதான் சொல்வோம். ஆனால் மைன்ஸ் ஓரிடத்தில் நிற்பதா? முன்னால் வெட்டிக்கொண்டே நகர்கிறது, பின்னால் மண்ணைக் கொட்டி மூடிக்கொண்டே போகிறது. இவள் இன்றைய மேப்பை வைத்து வாசல் போட்டிருக்கிறாள். எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே உண்மையும் பொய்யாகிவிட்டது.

“எல்லாத்துக்கும் புள்ளி வெச்சிடு” என்றேன்.

அவள் அழிப்பானை எடுத்தாள். வாசல், தடுப்பு, அடுப்பு, கிணறு என்று ஒவ்வொரு கோடாகப் புள்ளியாகிக்கொண்டு வந்தது. மாட்டுக் கொட்டாய்க்கு வந்ததும் தங்கை குனிந்து மகளின் கையைப் பிடித்தாள்.

“இது இருக்கட்டும். நான் பொறந்தது அக்கா கண்ணால பாத்ததாச்சே.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

“அதுக்குந்தான்” என்றேன்.

தங்கை கையை எடுத்துக்கொண்டாள். பிறந்ததிலிருந்து சிரித்தே பழகிய அந்த முகம் வாடிப்போய், என்னிடம் கேட்க ஒன்றுமில்லாமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் முகத்தை அப்படி ஒரு தரமாவது பார்த்துவிட வேண்டும் என்றுதான் நான் இத்தனை வருஷமாக ஆசைப்பட்டேன்.