அந்தப் படத்தில் இருப்பது என் குசினி

நீங்கள் எங்களை ஏமாற்றினீர்கள், அண்ணை. தெரிந்தே ஏமாற்றினீர்கள். அண்ணை என்று எழுதுவது மரியாதைக்கில்லை. பன்னிரண்டு வருசம் அப்படிக் கூப்பிட்டு வாய் பழகிவிட்டது.

வாசிக்கிறவர்களுக்கு விசயத்தைச் சொல்கிறேன். இவர் எங்களுக்குக் காணியை வாடகைக்குத் தந்தவர். தண்ணீரூற்று என்ற ஊரில், வயலுக்குப் போகும் ஒழுங்கையில், இவருடைய தகப்பனுக்கு அரசாங்கம் கொடுத்த காணி இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இப்போது இவர் பெயரில். ஆனால் இவர் இருப்பது வவுனியாவில், மனைவிக்குச் சீதனமாக வந்த கல்வீட்டில். நாங்கள் கடற்கரைப் பக்கத்து ஆட்கள். அம்மாவின் வளவு தங்கச்சிக்குச் சீதனமாகப் போனது. எனக்கென்று ஒரு துண்டுக் காணியும் இல்லை. சண்டை முடிந்து அகதி முகாமில் இருந்து வந்து அங்கேயும் இங்கேயும் ஒதுங்கி இருந்துவிட்டு, கடைசியில் இவருடைய காணிக்கு வாடகைக்கு வந்தோம்.

வந்தபோது அங்கே ஒரு வேப்பமரமும் தூர்ந்த கிணறும் மட்டும்தான். கிணற்றைத் தோண்டி இறைத்தது நாங்கள். தகரக் கொட்டிலைப் போட்டது என் மனுசன், அவர் மேசன். குசினிச் சுவரை மண் குழைத்து நான் எழுப்பினேன். வாடகைக்கு ஒரு எழுத்து எழுதிக்கொள்வோம் என்று மனுசன் கேட்டபோது நீங்கள் சிரித்தீர்கள்.

"எங்களுக்குள்ள என்ன தம்பி கடுதாசி? நீங்கள் என்ர ஆக்கள் மாதிரி. விரும்பின காலம் இருங்கோ."

நாங்களும் இருந்தோம். மகள் அங்கேதான் பிறந்தாள். நான் விடிய எழும்பி இடியப்பம் அவித்துச் சந்திக் கடைகளுக்குக் கொடுத்தேன். விறகுப் புகை ஏறி ஏறிக் குசினிச் சுவர் தார் பூசினதுபோல் கறுத்துப்போனது.

போன வருசம் எங்கள் பகுதிக்கு வீட்டுத்திட்டம் வந்தது. காணி இருக்க வேண்டும், அந்தக் காணியில் கொட்டில் போட்டுக் குடியிருக்க வேண்டும், வேறு வீடு இருக்கக்கூடாது. அப்படியானவர்களுக்கு அரசாங்கம் வீடு கட்ட உதவும். உங்களிடம் காணி இருந்தது. எங்களிடம் கொட்டில் இருந்தது.

நீங்களும் உங்கள் மனுசியும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பஸ்ஸில் வந்து இறங்கினீர்கள்.

"தங்கச்சி, இது உங்களுக்கும் நல்லதுதான். வீடு கிடைச்சால் நானே வந்து இருக்கப்போறன்? நீங்கள்தான் இருக்கப்போறியள். பிள்ளையள் ஒழுகாத வீட்டில இருந்து படிக்கட்டும். அதிகாரி பாக்க வாற அண்டைக்கு மட்டும் நீங்கள் இல்லாத மாதிரி நிண்டால் காணும்."

மனுசன் என்னைப் பார்த்தார். நான் ஓம் என்றேன். அவர் யோசித்தார், நான் யோசிக்கவில்லை. கல்வீடு என்றவுடன் எனக்கு மூளை வேலை செய்யவில்லை.

அதிகாரி வருவதற்கு முதல்நாள் பிள்ளைகளின் புத்தகப் பைகளையும் பள்ளிக்கூட உடுப்புகளையும் மூட்டையாகக் கட்டிப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். மகள் பின்னாலேயே வந்தாள்.

"அம்மா, நாங்கள் என்னவும் களவெடுத்தனாங்களே?"

"வாயைப் பொத்திக்கொண்டு வா."

குசினிச் சுவரில் இருந்த மாதா படத்தை நீங்கள் கழற்றச் சொன்னீர்கள். நீங்கள் சைவம், மாதா இருந்தால் பிடிபட்டுவிடும் என்றீர்கள். நான் மாதாவை அரிசிப் பெட்டிக்குள் வைத்தேன். உங்கள் மனுசி கொண்டுவந்த பிள்ளையார் படத்தை அந்த ஆணியில் மாட்டினோம். மாதா படம் பெரியது, பிள்ளையார் சின்னன். சுற்றிவரப் புகை படாத வெளிறின சதுரம் அப்படியே தெரிந்தது. அதைப் பார்த்து உங்கள் மனுசி வாய்விட்டுச் சிரித்தா. நானும் சிரித்தேன். அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை, நானும் சேர்ந்து சிரித்தேன்.

உங்கள் மனுசி கட்டி வந்த சேலை கொட்டிலில் இருக்கிறவ கட்டுகிற சேலை இல்லை. என்னுடைய பழைய வீட்டுச் சட்டையைக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு அடுப்படியில் குந்தினா. ஊதத் தெரியாது. புகை முகத்தில் அடித்து இருமினா.

அதிகாரி இளம் பிள்ளை, கையில் போனும் ஒரு பைலும். அவ படலையைத் திறந்து வந்தபோது நாய் பேசாமல் படுத்திருந்தது. நீங்கள் "வாங்கோ, வாங்கோ" என்று வெளியே வந்தவுடன் உங்களைப் பார்த்துக் குரைக்கத் தொடங்கியது. விடாமல் குரைத்தது.

"என்ன ஐயா, வீட்டுக்காரரைப் பாத்தே நாய் குரைக்குது?"

"அது புது நாய் பிள்ளை. பழகேல்ல."

எங்கள் நாய்க்கு அப்போது எட்டு வயது. நான் "சூ" என்றேன். வாலை ஆட்டிக்கொண்டு வந்து என் காலடியில் படுத்தது. அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தா.

"நீங்கள் ஆர் அக்கா?"

"நான் பக்கத்து ஒழுங்கை. இடியப்பம் அவிச்சுக் குடுக்க வந்து போறனான்."

"இவையள் எவ்வளவு காலமா இஞ்ச இருக்கினம்?"

"பன்னிரண்டு வருசம்."

ஒருவரும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை. என் கணக்கைத் தூக்கி நானே உங்களுக்குக் கொடுத்தேன். அந்தப் பிள்ளை கறுத்த சுவரைத் தடவி விரலைப் பார்த்து, "ஓம், கனகாலம் சமைச்ச குசினிதான்" என்று எழுதினா. உங்கள் இரண்டு பேரையும் குசினி வாசலில் நிற்கவைத்துப் படம் எடுத்தா. அயலவர் சாட்சி என்ற இடத்தில் நான் கையெழுத்து வைத்தேன்.

வீடு கிடைத்தது. அத்திவாரத்தை என் மனுசன் போட்டார். தான் இருக்கப்போகிற வீடு என்று சீமெந்துக் கலவையைத் தாராளமாகப் போட்டார். சுவர் எழும்பி யன்னல் நிலை வைத்த கிழமை நீங்கள் வந்தீர்கள். அந்தமுறை வாழைப்பழம் இல்லை.

"தங்கச்சி, குறை நினைக்காதைங்கோ. அடுத்த கட்டம் பாக்க வருவினம். வாடகைக்கு ஆக்கள் இருக்கினம் எண்டு தெரிஞ்சால் வீட்டைத் திட்டத்தில இருந்து வெட்டிப்போடுவினம். இந்த மாதத்துக்குள்ள வேற இடம் பாருங்கோ."

"வேலை முடிய வரலாம்தானே அண்ணை?"

"அது பாப்பம். மகனுக்கும் கலியாணம் பேசுறம்."

அந்த மாதமே கொட்டிலைப் பிரித்தோம். தகரத்தை மட்டும் ஏற்றினோம், குசினிச் சுவரை ஏற்ற முடியாது. மாதாவைக் கையில் வைத்துக்கொண்டு போனேன். இப்போது புதுக்குடியிருப்பு வீதியில், மனுசனோடு வேலை செய்கிறவரின் பின்வளவில், சுவரோடு தகரம் சாய்த்து இறக்கின ஒரு சாய்ப்புக்குள் இருக்கிறோம். இடியப்பத்துக்கு அங்கே அடுப்பு வைக்க இடமில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். வாடகைக்கு இருந்தவர்கள் எழும்பிப் போகத்தான் வேண்டும் என்று நினைத்து, உங்களைத் திட்டிப்போட்டு விட்டிருப்பேன். ஆனால் பிறகு, காணி இல்லாதவர்களுக்கு அரச காணி பிரித்துக் கொடுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பிரதேச செயலகத்துக்குப் போனேன். அந்தப் பகுதியில் கனகாலம் குடியிருந்தவர்களுக்குத்தான் முதலிடம். நான் விலாசத்தைச் சொன்னேன். அங்கே இருந்த ஐயா பைலை எடுத்துப் பார்த்தார்.

"அக்கா, அந்தக் காணியில ஒரு குடும்பம்தான் இருந்ததெண்டு கிடக்கு. சாட்சி ஆரெண்டு பாருங்கோ."

என் கையெழுத்து. பக்கத்தில் என் குசினியின் படம். அதன் வாசலில் நீங்கள், உங்கள் பக்கத்தில் என் சட்டையைப் போட்டுக்கொண்டு உங்கள் மனுசி. அந்தச் சட்டையும் திரும்பி வரவில்லை.

வவுனியாவுக்கு பஸ் ஏறி வந்தேன். உங்கள் விறாந்தையில் கதிரைகள் இருந்தன, இரு என்று சொல்லவில்லை. நாங்கள் பன்னிரண்டு வருசம் அங்கே இருந்தோம் என்று ஒரு கடிதம் மட்டும் கேட்டேன்.

"நான் அப்பிடி எழுதினால் என்ர வீடு என்னாகும்? உங்களிட்ட என்ன எழுத்துக் கிடக்கு, அதைக் காட்டி எடுங்கோவன்."

எழுத்து வேண்டாம் என்றவர் நீங்கள்தான்.

அடுத்த மாதம் பொதுநோக்கு மண்டபத்தில் காணிக் கச்சேரி. காணி கேட்பவர்களை எல்லாருக்கும் முன்னால் கூப்பிட்டு விசாரிப்பார்கள். நானும் போவேன். நான் பொய் சொன்னேன், பொய்க் கையெழுத்து வைத்தேன் என்று சொல்வேன். அதற்கு என்ன தண்டனையோ தரட்டும். இங்கேயும் எழுதிவிட்டேன், ஊர் வாசிக்கட்டும்.

உங்கள் வீட்டை வெட்டச் சொல்லி நான் கேட்கப் போவதில்லை. அந்த அத்திவாரம் என் மனுசனின் கை. ஆனால் நீங்களும் வாருங்கள். ஒழுங்கைச் சனம் எல்லாம் அங்கே இருக்கும், என்னிடம் இடியப்பம் வாங்கித் தின்ற சனம். அவர்கள் முன்னால் எழும்பி நின்று, அதிகாரிகளின் காதில் விழச் சொல்லுங்கள்: அந்தச் சுவரைக் கறுப்பாக்கினது யாருடைய அடுப்பு?