நெத்திலியை நான் குட்டியாக்கிய வாரம்

நான் ஈரோட்டுக்காரன்; இங்கே ஆலைக் குவார்ட்டர்ஸ் பள்ளியில் வாத்தியார். வருடத்துக்கு ஒரு முறை கடலூரில் கடலைப் பார்ப்பேன், அதுவும் பஜ்ஜி தின்றபடி. அப்படிப்பட்ட என்னை, மீன்வளத்தைக் காப்பது பற்றி எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கச் சொன்னார்கள்.

"மீன் ஒரு தடவையாவது முட்டை போடணும். அப்பத்தான் அடுத்த வருஷமும் மீன் இருக்கும். கைக்குள்ள அடங்குற மீனெல்லாம் குட்டி, வாங்காதீங்க!" என்று முழங்கினேன். கைதட்டினார்கள். கைதட்டல் கேட்டால் எனக்குப் புத்தி வேலை செய்யாது. "வீட்லயும் சொல்லுங்க" என்றேன்.

சொன்னார்கள். ஆலையில் அடுத்த ஷிஃப்ட் மாறுவதற்குள் பாதி குவார்ட்டர்ஸுக்குச் செய்தி போய்விட்டது.

புதன்கிழமை கடைசி பெஞ்சு மாணவி வரவில்லை. வியாழனும் இல்லை. விசாரித்தபோது முன்பெஞ்சுப் பையன் பெருமையாகச் சொன்னான்: "அவங்கம்மா மார்க்கெட்ல மீன் விக்கிறாங்க சார். குட்டி மீனையெல்லாம் கொல்றீங்களேன்னு அவகிட்ட கேட்டோம். அழுதுட்டே போயிட்டா."

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்திவிட்டேனோ?

சனிக்கிழமை மார்க்கெட்டுக்குப் போய், கத்திரிக்காய்க் கடையை மூன்று முறை சுற்றினேன். கடைக்காரர் சந்தேகமாகப் பார்க்கவே, வேறு வழியில்லாமல் மீன் பக்கம் நகர்ந்தேன்.

மாணவியின் அம்மா முன்னால் தட்டு நிறைய நெத்திலி. "இன்னா சார், குட்டி மீன் வேணுங்களா?" என்றார்.

வாயைத் திறந்தேன், மூடினேன். தட்டில் கிடந்ததற்கும் எனக்கும் பெரிய வித்தியாசமில்லை.

ஒரு நெத்திலியின் வயிற்றை நகத்தால் கீறி என் மூக்கருகே நீட்டினார். உள்ளே சினை. "குட்டி வயித்துல முட்டை இருக்குமாங்க? நெத்திலி வளர்ந்தாலே இம்மாந்தான். இதே அளவுல வஞ்சிரம் வந்தா அதான் குட்டி. அத்த நானே எடுக்க மாட்டேன்."

"தப்புதானுங்க அக்கா. பாப்பா?"

"வூட்ல குந்திக்கினு கெடக்குது. ஸ்கூலே வேணாங்குது."

"திங்கட்கிழமை பசங்க முன்னாடி நானே சொல்லிடறனுங்க. அனுப்பி வைங்க."

"சொல்லிப் பாக்கறேன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

திங்கள் காலை வருகைப் பதிவேட்டை ரயில்வே அறிவிப்பு மாதிரி மெதுவாக வாசித்தேன். அவள் பெயர் வந்ததும் தலையை நிமிர்த்தவே பயம். கடைசி பெஞ்சிலிருந்து சின்னக் குரல்: "பிரசன்ட் சார்."

நான் சொன்னது தப்பு என்று வகுப்புக்குச் சொன்னேன். நெத்திலி வயிற்றுச் சினையைப் பற்றியும் சொன்னேன். முன்பெஞ்சு உடனே எழுந்தது. "அப்போ சினை மீனைத் தின்னா தப்பில்லையா சார்?"

கரும்பலகையைத் துடைக்க ஆரம்பித்தேன். அதில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க சார்" என்றாள் கடைசி பெஞ்சு.

"தெரியல."

"எங்கம்மாகிட்ட கேட்டுக்கினு நாளைக்கு வந்து சொல்றேன்."