இலை என்று சீவியது

அந்த மருத்துவமனையின் நான்கு தளங்களிலும் அவளுக்குக் கண்ணாடி அக்கா என்றே பெயர். கண்ணாடிப் பட்டையை உடைத்து, உடைந்த விளிம்பையே கத்தியாகக் கொண்டு, நோயாளியின் உடலிலிருந்து எடுத்த துணுக்கை மெல்லிய ஏடுகளாகச் சீவுவது அவள் வேலை. செல்லுக்குள் இருக்கும் நுண்ணுறுப்புகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கவேண்டுமானால், தலைமுடியைப் பல நூறாகப் பிளந்த அளவுக்கு ஏடு மெல்லியதாக இருக்கவேண்டும். சீவிய ஏடுகள் கத்தியோடு ஒட்டிய சிறு தொட்டியின் நீரில் மிதக்கும். வெள்ளி நிறம் காட்டினால் சரி. ஊதா காட்டினால் தடிமன், பயனில்லை. அவற்றைத் திரட்டிச் செம்பு வலை வில்லையில் ஏற்றுவதற்குக் குச்சி நுனியில் ஒட்டிய ஒற்றை இமைமயிர்தான் கருவி. அவளுடைய இமைமயிர்கள் சுருண்டவை. ஆகவே திருமணமான முதல் ஆண்டிலேயே கணவரிடமிருந்து ஒன்றைப் பிடுங்கிக்கொண்டாள். கடிகாரம் பழுதுபார்க்கும் அவர், "என் கண் இமைமுடி ஒண்ண வெச்சுகிட்டுப் பத்தொன்பது வருஷமா சம்பளம் வாங்குறா" என்று விருந்தாளிகளிடம் சொல்லாத நாளில்லை.

அவளிடம் இரண்டு பழக்கங்கள் இருந்தன. காலையில் முதலில் இலைத்துணுக்கு ஒன்றைச் சீவிக் கத்தியின் கூர்மையைச் சோதிப்பாள். அப்படிச் சீவிய முதல் ஏடுகளை எறியாமல், வில்லையில் ஏற்றி, தேதியிட்டு, தனிப் பெட்டியில் வைப்பாள். குப்பைக்கும் பெயர் எழுதி வைக்கிறவள் என்று இதற்கும் கணவரின் கேலி உண்டு.

அவளுடைய நாற்பத்தேழாம் வயதில் ஒரு செவ்வாய்க்கிழமை. மாடிப்படி ஏறும்போதெல்லாம் சரிந்து விழும் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியின் தொடைத்தசை அவளிடம் வந்திருந்தது. எள்ளில் பாதி; வேறு துணுக்கு இல்லை. தசைச் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் கோளாறோ என்பது டாக்டரம்மாவின் ஐயம். நான்கு மணிக்கு அவர் பார்க்க வருவதாக ஏற்பாடு. சிறுமியின் தாய் ஒரு தையற்காரி. பன்னிரண்டு மணிக்கே மகளோடு வந்து வெளிப்பெஞ்சில் அமர்ந்துவிட்டாள். போன முறை துணுக்கு எடுத்தபோது பிள்ளையை நான்கு பேர் பிடிக்க வேண்டியிருந்ததாம். கதவைத் திறந்தபோதெல்லாம் அவள் கேட்டது ஒன்றுதான்: "மறுபடி வெட்டச் சொல்ல மாட்டாங்கல்ல?"

அந்தக் கேள்வியைக் காதில் வைத்துக்கொண்டே கண்ணாடி அக்கா கத்தியின் முன் உட்கார்ந்தாள். அன்று காலை இலையை எப்போதும்போல் விறுவிறுவென்று சீவி, கத்தியைச் சோதித்து முடித்திருந்தாள். சிறுமியின் துணுக்கைத்தான் பயந்து பயந்து, நிறுத்தி நிறுத்திச் சீவினாள். மூன்று ஏடுகள் மடங்கிப்போயின, இரண்டு தேறின. அவற்றைச் சாயமேற்றி, மூன்று மணிக்கு நுண்ணோக்கியில் வைத்தாள்.

திரையில் முதலில் தெரிந்தது ஒரு மைட்டோகாண்ட்ரியா. நீள்வட்டம், இரட்டைச் சவ்வு, உட்சவ்வு மடிப்பு மடிப்பாக உள்ளே இறங்கியிருந்தது. போன உயிர் திரும்பி வந்தது. படத்தைச் சற்று வலப்பக்கம் நகர்த்தினாள். தடித்த வெண்கோடு ஒன்று மதில்போல் குறுக்கே ஓடியது. அதற்கப்பால் பெரிய வெற்றிடம். அதன் ஓரத்தில், தட்டுகளை அடுக்கிவைத்ததுபோல் சவ்வுகள் நிறைந்த, கப்பல் வடிவ உருவம் ஒன்று.

மனிதத் தசையில் செல்சுவர் கிடையாது. செல்லை அடைத்துக்கொள்ளும் அத்தனை பெரிய வாக்குவோல் என்னும் நீர்ப்பை கிடையாது. இலைக்குப் பச்சை தரும் அந்தக் கப்பல், பசுங்கணிகம், எந்தக் காலத்திலும் கிடையாது. மைட்டோகாண்ட்ரியா மட்டும்தான் இலைக்கும் பிள்ளைக்கும் பொது. அதுவே அவளை ஒரு நிமிடம் ஏமாற்றியிருந்தது.

திரையில் இருந்தது இலை.

அப்படியானால் காலையில் இலை என்று சீவியது எது?

அவள் எழுந்து மேசைக்குப் போனாள். பிசினில் பதித்தபின் இலையும் தசையும் ஒன்றுபோல் கறுத்துவிடும். சீவும் பொறியில் பொருத்தும் பிடிக்குள் செருகினால் பெயர்ச்சீட்டும் மறைந்துவிடும். பிடிகளை வைக்கும் தட்டில் இடக்குழியில் இலை, வலக்குழியில் நோயாளி என்பது பத்தொன்பது ஆண்டு வழக்கம். குளிர்சாதனக் காற்று பட்டுத் தொட்டி நீர் சலனமடைகிறதென்று காலையில் பொறியை நகர்த்தியபோது அவளே தட்டையும் திருப்பி வைத்திருந்தாள். இடம் வலமானது அவள் கண்முன்னே நடந்தது, அவள்தான் பார்க்கவில்லை.

இடக்குழியில் இருந்த பிடியைக் கழற்றினாள். சிறுமியின் பெயர்ச்சீட்டு வெளியே வந்தது. உருப்பெருக்கியில் பார்த்தபோது பிசின் தேன்நிறமாக இருந்தது. கறுப்பு ஒரு துளியும் இல்லை. இலைதானே என்று, முதல் ஏடுகளுக்குப் பிறகு கத்தியைச் சோதிக்கும் சாக்கில் மீதி முழுவதையும் தடிமனாகச் சீவித் தள்ளியிருந்தாள்.

வெளியே சிறுமி பெஞ்சில் குதிகாலால் தட்டும் ஓசை கேட்டது. கண்ணாடி அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்தாள். தேதியிட்ட பெட்டி அலமாரியில் இருந்தது.

அன்றைய தேதியில் மூன்று வில்லைகள். இமைக்குச்சியைத் தொடவேண்டிய தேவைகூட இல்லை; எல்லாம் ஏற்கெனவே ஏறியிருந்தன. சாயம் ஏற நாற்பது நிமிடம் ஆகும். அதில் ஒரு நிமிடத்தைக்கூடச் சுருக்க முடியாது. சுவர்க்கடிகாரத்தின் கீழ் நின்றபடியே நின்றாள். ஏடுகள் கிழிந்திருந்தால்? தசையே இல்லாத வெறும் பிசினாக இருந்தால்? தையற்காரியிடம் எந்த வாயால் சொல்வது?

டாக்டரம்மா சரியாக நான்கு மணிக்கு வந்தார். கண்ணாடி அக்கா மறைக்கவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொன்னாள். தட்டைத் திருப்பியதையும் சேர்த்தே. அவர் முதல் வில்லையை உள்ளே செலுத்தினார். அது கிழிசல். இரண்டாவதில் திரை மெல்லத் தெளிந்தது. வரிவரியாகத் தசையிழைகள், வரிகளுக்கிடையே மைட்டோகாண்ட்ரியாக்கள். மதில் இல்லை, கப்பல் இல்லை.

"இவ்வளவு சுத்தமான ஏடு நீங்க எனக்கு இதுவரைக்கும் குடுத்ததில்ல."

"இலைன்னு நெனச்சு சீவினது டாக்டரம்மா. பயமில்லாத கை."

"மிச்சம்?"

"இவ்வளவுதான். மிச்சமில்ல."

அவர் இருபத்தைந்து நிமிடம் பார்த்தார், படங்கள் எடுத்தார், சில மைட்டோகாண்ட்ரியாக்களில் நெடுநேரம் நின்றார். அவற்றின் உள்மடிப்புகள் ஒழுங்கு குலைந்திருப்பது கண்ணாடி அக்காவுக்கும் தெரிந்தது. சொல்வது அவள் வேலையன்று. கடைசியில் அவர், "போதும். இத வெச்சே முடிவு சொல்லலாம்" என்றார். பிறகு, "தட்டு சமாச்சாரத்த பதிவேட்டுல எழுதிடுங்க" என்றார்.

வெளியே வந்ததும் தையற்காரி எழுந்து நின்றாள். அவள் கேட்பதற்கு முன்பே, "மறுபடி வெட்ட வேண்டாம்மா" என்றாள் கண்ணாடி அக்கா. தையற்காரி மகளின் தலையைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு, "அப்ப நல்ல சேதிதானே?" என்றாள். டாக்டரம்மா சொல்வார் என்று கண்ணாடி அக்கா கதவைக் காட்டினாள்.

மறுநாள் காலை இலைப்பிடியில் நகச்சாயத்தால் பச்சைப் பொட்டு வைத்தாள். சீட்டை உருவி, இலைதான் என்று மூன்று முறை பார்த்தாள். பின்பே சீவினாள். இலைதான்; ஆனாலும் தொட்டியில் மிதந்த ஏடு ஊதாவாக, தடிமனாக இருந்தது.