பிரேக் லைட் எரியாத நாள்

தூத்துக்குடி உப்புக் காற்றுக்கு எங்கள் வீட்டுப் பழைய கார் முறுக்கு மாதிரி. ஓரம் ஓரமாகக் கடித்துத் தின்றுகொண்டே இருக்கும். அதைச் சரிசெய்வதில் அப்பாவுக்கு இருந்த பொறுமையை நான் வேறு எந்த மனுஷரிடமும் கண்டதில்லை.

அன்றைக்குப் பிரேக் லைட் எரியவில்லை. அப்பாவின் தங்கையான என் அத்தையை நாசரேத்துக்குக் கூட்டிப்போய் மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்ட வேண்டும். ஏற்பாடெல்லாம் அங்கே இருந்த பெரியப்பாவுடையது. அத்தைக்கோ நர்சிங் படிப்பை முடித்துவிட வேண்டும் என்று ஆசை. கேட்டதற்கு, "படிச்சுக் கிழிச்சது போதும்ளா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார் பெரியப்பா. அவரை எதிர்த்துப் பேசி எங்கள் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை, அப்பாவுக்கும் இல்லை.

துறைமுகத்து டிரெய்லர் லாரிகள் பின்னாலேயே வரும் ரோடு அது. பிரேக் லைட் இல்லாமல் அப்பா வண்டியை எடுக்க மாட்டார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்குப் பின்னால் குத்தவைத்தார். பல்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே கம்பி அறுந்திருக்கவில்லை. பியூஸும் நன்றாகத்தான் இருந்தது. பல்பு உட்காரும் இடத்தில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்.

பட்டுச்சேலை கட்டியிருந்த அத்தையை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார். "ஏளா, நான் சொல்லும்போது நடுவுல உள்ளத மிதி." நான் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டேன்.

"மிதி."

"மிதிச்சிட்டேண்ணே."

"எரியலையே."

மறுபடி தேய்த்தார். ஒயரை அசைத்துப் பார்த்தார். மறுபடி மிதிக்கச் சொன்னார். எரியவில்லை. நான் குனிந்து அத்தையின் காலைப் பார்த்தேன்.

"எப்பா, அத்தை கிளச்சப் போட்டு மிதிக்காவ."

அப்பா எழுந்து முன்பக்கம் வந்தார். அத்தையின் காலைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். அத்தை காலை எடுக்கவே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

"அவ சரியாத்தான் மிதிக்கா. ஒனக்கு என்ன தெரியும்?" என்றார் அப்பா என்னிடம்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எது பிரேக், எது கிளச் என்று சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

அப்பா வாசலில் நின்று பெரியப்பாவுக்குப் போன் போட்டார். "அண்ணே, பிரேக் லைட் எரிய மாட்டேங்கு. இன்னைக்கு வர முடியாது." அந்தப் பக்கத்துச் சத்தம் எனக்கே கேட்டது. அப்பா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "எவ்வளவு வேணும்னாலும் வையுங்கண்ணே, எம்மேலதான் தப்பு." பிறகு சொன்னார்: "அவ படிப்பு முடியட்டும்ணே. அதுக்குள்ள வண்டியும் சரியாயிரும்."

ஒரு லைட்டைச் சரிசெய்ய அத்தனை வருஷமா ஆகும் என்று எனக்கு ஒரே மலைப்பு. அத்தை உள்ளே போய்ப் பட்டுச்சேலையை மாற்றிவிட்டு, யாரும் கேட்காமலே எல்லாருக்கும் டீ போட்டாள்.

அன்று மாலை வீட்டு ஜெபத்தில் என் முறை வந்தது. "ஆண்டவரே, எங்க காரைச் சீக்கிரமா சொஸ்தமாக்கும். அத்தைய நாசரேத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்று உருக்கமாக வேண்டினேன்.

எல்லா ஜெபத்துக்கும் முதல் ஆளாக ஆமென் சொல்லுகிற அப்பா, அதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. பாவம், அலுப்பில் தூங்கிவிட்டார் போல என்று நினைத்து, அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.