பேலியகொடை வெள்ளத்தில் என் வெள்ளைப் படகு

பேலியகொடை வெள்ளத்தில் ஒரு பாட்டியின் ரிமோட் படகு ஓர் உயிரைக் காப்பாற்றியது என்று முகநூலில் ஒரு காணொளி சுற்றுகிறது. அந்தப் பாட்டி நான். படகு யாரையும் காப்பாற்றவில்லை. அதைச் செய்து தந்தது என் பேரன் என்றும் சிலர் எழுதியிருக்கிறார்கள். என் பேரன் மெல்பேர்னில் கணக்காளர். சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் ஆள் கூப்பிடுகிறவன். படகைச் செய்தது நான். அது தோற்றதைப் பார்த்துக்கொண்டு நின்றதும் நான். இதுபோல ஒன்றைச் செய்து வெள்ளத்துக்குத் தூக்கிக்கொண்டு போக நினைப்பவர்கள் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

பிலோமினா என்னோடு கன்னியர் மடப் பள்ளியில் படித்தவள். இப்போது கொட்டாஞ்சேனையில் இருக்கிறாள். அவளுடைய தம்பி அலோசியஸுக்கு அறுபத்தெட்டு வயது. பேலியகொடையில், ஆற்றுக்குக் கிட்ட, ஓர் ஒடுங்கிய ஒழுங்கையின் கடைசி வீட்டில் தனியாக இருக்கிறார். களனி கங்கை பெருகினால் அந்த ஒழுங்கையும் ஆறாகிவிடும். ஆனாலும் அவர் வீட்டை விட்டு வெளிக்கிட மாட்டார். முந்திய வெள்ளத்தில் மீட்புப் படகு அவரிடம் போய்ச்சேர ஒரு பகலும் ஓர் இரவும் ஆயின. அந்த இரவு முழுவதும் பிலோமினா தொலைபேசியில் என்னோடு அழுதாள். அதன் பிறகுதான் நான் இந்த வேலையைத் தொடங்கினேன்.

ஆளை ஏற்றுகிற படகு அல்ல இது. ஒரு மெல்லிய நைலோன் இழையை இழுத்துக்கொண்டு போகும். வெள்ளத்தில் அகப்பட்டு நிற்பவர் அந்த இழையை இழுத்தால், அதன் மறுமுனையில் கட்டியிருக்கும் தடித்த கயிறு அவர் கைக்குப் போகும். அதை அவர் ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டால், அந்தக் கயிற்றின் வழியே ஒரு மிதவையை அனுப்பலாம். அவ்வளவுதான்.

உடலுக்கு, மீன் சந்தையில் வாங்கிய இரண்டு ரெஜிபோம் பெட்டிகள், ஐஸ் போட்டு மீன் அடுக்கும் பாரமில்லாத வெள்ளைப் பெட்டிகள். மூடிகளை ஒட்டி, பழைய படுக்கை விரிப்பைக் கிழித்து மரப்பசையில் தோய்த்து மேலே சுற்றினேன். மோட்டார்கள் பழுதான இரண்டு துளைக்கருவிகளிலிருந்து கழற்றியவை. மோட்டார் சைக்கிள் பற்றரி ஒன்று. ரிமோட்டை மட்டும் கொள்ளுப்பிட்டியில் புதிதாக வாங்கினேன். அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். சுழலும் விசிறியில் பொலித்தீன் பை சுற்றாமலிருக்க படுக்கைக்குக் கட்டும் நுளம்பு வலையை அல்ல, கோழிக்கூட்டுக் கம்பிவலையைப் பூட்டுங்கள். நுளம்பு வலை முதல் நாளே கிழிந்துவிட்டது. வயர்களைப் பற்றவைத்தது என் கணவர் விட்டுப்போன சோல்டரிங் அயனால்.

பெயின்ட் வாங்கப் போனபோது ஹாட்வெயார் கடைக்காரர் செம்மஞ்சளைத் தூக்கி வைத்தார். நான் வெள்ளை கேட்டேன். கண்ணைக் குத்தும் நிறம் எனக்குப் பிடிக்காது. வெள்ளை பூசி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தபோது படகு சலவை செய்த சீருடை மாதிரி இருந்தது. வெள்ளவத்தைக் கால்வாயில் நான்கு தடவை ஓட்டிப் பார்த்தேன். எதிர்க்கரையில் பிலோமினா நின்றாள். நான்கு தடவையும் படகு நேராக அவள் காலடிக்குப் போனது. அவள் குனிந்து இழையை எடுத்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

மழை தொடங்கிய மூன்றாம் நாள் காலை பிலோமினா அழைத்தாள். ஒழுங்கைக்குள் தண்ணீர் ஏறிவிட்டதாம், தம்பி இந்த முறையும் வெளிக்கிடவில்லையாம். ஏழே காலுக்கு வெள்ளவத்தையில் என் வீட்டிலிருந்து வெளிக்கிட்டேன். வழமையாக நான் கொட்டாஞ்சேனைக்கு மட்டக்குளி பஸ்ஸில்தான் போவேன். பத்துக் கிலோமீற்றர், நூறு ரூபாய்க்கும் குறைவு. படகை பஸ்ஸில் ஏற்ற விடமாட்டார்கள் என்பதால் ஓட்டோ பிடித்தேன். அன்றைக்கு ஆயிரத்து அறுநூறு கேட்டார் சாரதி நௌஷாத். பின் ஆசனத்தில் படகை வைத்ததும் திரும்பிப் பார்த்தார்.

"அன்ட்டி, மீன் பெட்டியா? வண்டி மணக்கும்."

இது மீட்புப் படகு என்றும், நான் அவருக்கு அன்ட்டி அல்ல என்றும் சொன்னேன். அவர் சொன்னதன் முதல் பாதி எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். மணம் பற்றிய பகுதி மட்டும்தான் காதில் விழுந்தது.

காலி வீதியில் தண்ணீர் இல்லை. கோட்டையைத் தாண்டிய பிறகு ஊர்ந்து ஊர்ந்து போனோம். எட்டரைக்குக் கொட்டாஞ்சேனையில் பிலோமினா செபமாலையும் குடையுமாக ஏறினாள். படகு அவள் மடியில். களனி கங்கைப் பாலத்தைக் கடந்ததும் ஒரு பொலிஸ்காரர் மறித்து எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். "கொஹேத யன்னே, அம்மே?" தம்பி உள்ளே அகப்பட்டிருக்கிறார் என்று சிங்களத்தில் சொன்னேன். ஓட்டோ அதற்கு மேல் போகாது, நடக்கலாம் என்றார். நௌஷாத் படகைத் தலையில் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார். அதற்கு அவர் காசு வாங்கவில்லை.

ஒழுங்கை வாயில் தண்ணீர் என் முழங்காலைத் தொட்டது. அங்கிருந்து எழுபது மீற்றர் தள்ளி அலோசியஸ் தன் வீட்டு ஜன்னல் விளிம்பில் நின்றார். ஒரு கையால் கூரை மரத்தைப் பிடித்திருந்தார். மற்றக் கையில் ஒட்டறைக் கம்பு. தண்ணீர் அவருடைய தொடைவரை வந்துவிட்டது. நடுவே கபில நிறத்தில் ஓடியது கால்வாய்த் தண்ணீர் அல்ல. அந்த வேகத்தில் நான் படகை ஒரு தடவையும் சோதித்திருக்கவில்லை.

படகை இறக்கினேன். அது தயங்கவேயில்லை. ஓட்டத்துக்குக் குறுக்கே, நான் திருப்பியபடியெல்லாம் திரும்பி, இரண்டு நிமிடத்தில் அவர் பக்கத்தில் போய்விட்டது. பிலோமினா என் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

அலோசியஸ் குனிந்து பார்த்தார். பிறகு முழங்காலால் அதைத் தள்ளிவிட்டார்.

நான் நம்பவில்லை. கால் வழுக்கியிருக்கும் என்று நினைத்துப் படகைத் திருப்பி அனுப்பினேன். மறுபடியும் தள்ளினார். பிலோமினா கத்தினாள். மழைச் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்டிருக்காது. மூன்றாம் தடவை கம்பை ஓங்கி அடித்தார். இழை அறுந்தது. படகு ஓட்டத்தோடு போனது.

"உன்ர தம்பிக்குக் கண் தெரியாதா?" என்று கேட்டேன். அந்த நேரத்திலும் நான் கேட்டது அதைத்தான்.

"கண் தெரியும். உன்ர படகைத்தான் தெரியேல்ல" என்றாள் பிலோமினா.

தண்ணீர் அவருடைய இடுப்புக்கு வந்தபோது பக்கத்து மீன் சந்தையில் மூட்டை தூக்கும் மூன்று பேர் லொறி ட்யூப் ஒன்றோடு வந்தார்கள். ஒருவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நீந்தினார். மற்ற இருவரும் நௌஷாத்தும் கயிற்றைப் பிடித்தார்கள். இருபது நிமிடத்தில் அலோசியஸைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். என் கயிறு உதவியது என்று பிலோமினா எல்லோரிடமும் சொல்லித் திரிகிறாள். இல்லை. அவர்கள் தங்கள் கயிற்றைத்தான் கொண்டுவந்தார்கள். காணொளி எடுத்தவர் படகு போனதையும் ஆள் வந்ததையும் மட்டும் ஒட்டிவிட்டார். நடுவில் நடந்தது அதில் இல்லை.

அலோசியஸுக்கு நடுக்கம் நிற்கச் சிறிது நேரம் எடுத்தது. ஏன் தள்ளினீர்கள் என்று கேட்டேன்.

"லீலா அக்கா, அது உங்கடயா?" என்றார். "நான் மீன் பெட்டி எண்டெல்லோ நினைச்சன். விடியத்தொடக்கம் வந்துகொண்டே இருக்குது. ஒண்டுக்குள்ள பாம்பு கிடந்தது."

நான் திரும்பி, அன்று முதல் தடவையாக, என் படகைத் தவிர மற்றவற்றைப் பார்த்தேன். சந்தைப் பக்க மதிலோடு வெள்ளை வெள்ளையாகப் பெட்டிகள் மோதிக்கொண்டு நின்றன. நாற்பது இருக்கும், ஐம்பதும் இருக்கலாம். ஒவ்வொன்றையும் ஒட்டியது நான்தான் என்று சொல்லலாம் போல இருந்தது. அவற்றில் என்னுடையது எது என்று எனக்கே தெரியவில்லை. ரிமோட்டை எடுத்து விசையை அழுத்தினேன். மதில் மூலையில் ஒரு பெட்டி மட்டும் நடுங்கியது.

அந்தக் காட்சி இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. நான்கு தடவை சோதித்தேன் என்றேன் அல்லவா? நான்கு தடவையும் எதிரே நின்றவளுக்கு அது என்னவென்று நான் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அலோசியஸிடம் யாரும் சொல்லவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: வெள்ளம் இருக்கும் நாளில் பேலியகொடைக்கு வழமையான நேரத்தின் இரு மடங்கை ஒதுக்குங்கள். செருப்பு வேண்டாம், நாடா கட்டிய சப்பாத்து போடுங்கள். எந்தப் படகு கொண்டுபோனாலும் ஒரு லொறி ட்யூப்பும் நீந்தத் தெரிந்த ஓர் ஆளும் கூட இருக்க வேண்டும். படகை, அதைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவரிடம் அனுப்பிச் சோதியுங்கள்.

அலோசியஸ் தண்ணீர் வடிந்த நான்காம் நாளே அதே வீட்டுக்குத் திரும்பிவிட்டார். யார் சொல்லியும் கேட்கவில்லை. ஆகவே நான் இரண்டாவது படகைச் செய்துகொண்டிருக்கிறேன். செம்மஞ்சள் பெயின்ட் வாங்கிவிட்டேன், ஆனால் நிறம் மட்டும் போதுமா என்று எனக்குத் தெரியாது. மணி கட்டலாம், விளக்கு வைக்கலாம், மூன்று மொழியிலும் எழுதலாம். எது உதவும் என்பது எனக்கல்ல, தண்ணீரில் நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

நீங்கள் எப்போதாவது வெள்ளத்தில் அகப்பட்டு நின்றிருந்தால், மிதந்து வந்தவற்றில் எதைத் தள்ளிவிட்டீர்கள், எதற்குக் கை நீட்டினீர்கள், ஏன் நீட்டினீர்கள் என்று கீழே எழுதுங்கள். அடுத்த மழைக்கு முன் எழுதுங்கள். தொலைபேசியில் அழைக்க வேண்டாம், எழுத்தில் வேண்டும்.