படிக்கம் கழுவியவள்

கமலாசனிக்குக் கோபம் வந்தால் பேச்சு வராது. பாத்திரம் கழுவும் சத்தம்தான் கூடும். கிளிநொச்சியில் எட்டாம் வாய்க்கால் கரையோரம் இருந்த அந்த வீட்டில், ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தோராம் ஆண்டு முழுவதும் அந்தச் சத்தம் கேட்டபடியே இருந்தது.

அவளுடைய தகப்பன் வீரகத்தி யாழ்ப்பாணத்தை விட்டு வந்து, இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி மூன்று ஏக்கர் வயல் செய்தவர். அந்தக் காணி கிடைக்க ஓடித்திரிந்தவர் கனகலிங்கம். கமலாசனியின் தாய் அன்னபாக்கியத்துக்குத் தம்பி, சங்கக்கடை மனேஜர். செய்த உதவி அந்த ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் எந்த மாட்டை விற்பது, எந்தச் சொந்தக்காரனோடு பேசாமல் விடுவது என்பதுவரை அவரே தீர்ப்புச் சொன்னார்.

பின்னேரம் ஐந்து மணிக்குச் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு உள்ளே வருவார். கதிரை அவருக்கு, வெற்றிலைத் தட்டம் அவருக்கு, கதிரைக் காலடியில் இருந்த வெண்கலப் படிக்கமும் அவருக்கு. வாய் நிறைய மென்று அதற்குள் துப்புவார், போய்விடுவார். அடுத்த நாள் காலையில் அதைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்ச் சாம்பல் போட்டுத் தேய்ப்பது கமலாசனியின் வேலை. பத்து வயதில் அவள் தலையில் விழுந்த வேலை அது. யாழ்ப்பாணத்தில் விடுதியில் தங்கிப் படித்த காலத்திலும், விடுமுறைக்கு வந்தால் படிக்கம் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

விடுதியில் அவள் சனிக்கிழமைகளில் நடனம் பழகினாள். நன்றாக ஆடினாள். எஸ்.எஸ்.சி. சித்தியடைந்ததும் நடன ஆசிரியர் பயிற்சிக்கு எழுதிப்போட்டாள். இரண்டு வருஷப் படிப்பு, முடிந்தால் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் வேலை. எடுபட்டிருப்பதாகக் கடிதம் வந்தது. அவளுடைய பெயருக்கு வந்த கடிதத்தை முதலில் வாசித்தவர் கனகலிங்கம்.

"எங்கட குடும்பத்தில சின்னமேளம் ஆடினவை ஒருதரும் இல்லை" என்றார், கடிதத்தை மடித்துக்கொண்டே.

"அது ரீச்சர் வேலை, அம்மான். பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குப் பழக்கிறது."

"பழக்கிறதுக்கு முந்தி நீ ஆடத்தானே வேணும்?"

சின்னமேளம் என்பது, கோயில் திருவிழாக்களில் ஆடுவதற்குக் கூலி பேசிக் கூட்டிவரும் பெண்களுக்கு யாழ்ப்பாணத்தார் வைத்த பெயர். அந்தச் சொல் ஒரு வீட்டுப் பெண்மேல் விழுந்தால் அதற்குப் பிறகு அவளைப் பெண் கேட்டு ஒருவரும் வேலிப் படலை திறக்க மாட்டார்கள். அதைத் தெரிந்துகொண்டுதான் அவர் சொன்னார். ஊர்த் திருவிழாவில் சின்னமேளம் என்றால் முன்வரிசையில் பாய் விரித்து இடம் பிடிப்பவரும் அவர்தான். பார்க்கிற கண்ணுக்குக் குற்றமில்லையாம், ஆடுகிற காலுக்குத்தான் குற்றமாம்.

வீரகத்தி மடித்த கடிதத்தைக் கை நீட்டி வாங்கினார். கடிதம் அலுமாரிக்குள் போனது, சேரவேண்டிய நாளும் போனது. கமலாசனி பல்லைக் கடித்துக்கொண்டு படிக்கத்தைத் தேய்த்தாள். தேய்த்த வேகத்தில் அதன் விளிம்பில் இருந்த பூவேலை மழுங்கிப்போயிற்று.

அடுத்த வருஷம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கும் தாதிமாருக்கு ஆள் எடுத்தார்கள். ஊரில் அதைப் 'பல்லு நேர்ஸ்' என்றார்கள். படிப்பு கொழும்புப் பக்கம், இரண்டு வருஷம். கமலாசனி எழுதிப்போட்டாள். நேர்முகத்துக்கு வீரகத்தியே கூட்டிக்கொண்டு போனார். மைத்துனரிடம் மட்டும் விதைநெல் பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தார். அவருடைய துணிச்சல் அந்தப் பொய்யளவுதான்.

இந்த முறையும் எடுபட்டாள். திங்கட்கிழமை போய்ச் சேரவேண்டும், தகப்பன் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வைக்கவேண்டும். வியாழக்கிழமை பின்னேரம் வீரகத்தி பேனையைத் திறந்து மேசைக்கு முன்னால் இருந்தபோது, வாசலில் சைக்கிள் மணி கேட்டது.

கனகலிங்கம் விஷயத்தைக் கேட்டார். ஆறுதலாக ஒரு வெற்றிலையைச் சுருட்டி வாய்க்குள் வைத்தார்.

"அத்தான், கண்டவன் நிண்டவன்ர வாய்க்குள்ள கை விடுற வேலை இது. எந்தச் சாதிப் பிள்ளை வந்து இருந்தாலும் வாயைத் திற எண்டு விரலை விடவேணும். ஊர் எச்சில் முழுக்க இவளின்ர கையில. அந்தக் கையால சமைச்சா ஆர் வாயில வைப்பினம்? பிறகு ஆர் வந்து கலியாணம் கட்டுவான்?"

சொல்லி முடித்துக் குனிந்து, படிக்கத்துக்குள் துப்பினார்.

"தம்பி சொல்லுறதும் சரிதானே" என்றார் அன்னபாக்கியம் குசினி வாசலில் நின்று.

வீரகத்தி பேனையை மூடினார். மூடி இறுகும் அந்தச் சின்னச் சத்தம் கமலாசனிக்குக் கேட்டது. போன வருஷம் கால் வேண்டாம் என்றார்கள். இந்த வருஷம் கையும் வேண்டாம் என்கிறார்கள். அப்படியானால் அவளிடம் மிச்சம் என்ன இருக்கிறது? அவள் குனிந்து, கனகலிங்கத்தின் காலடியில் இருந்த படிக்கத்தை எடுத்தாள். சம்மதக் கடிதத்துக்குப் பக்கத்தில், மேசைமேல் வைத்தாள்.

"அம்மான், இது ஆரின்ர எச்சில்?"

அவர் மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.

"பத்து வயசில இருந்து கழுவுறன். இதைக் கழுவின கையாலதான் உங்களுக்குத் தேத்தண்ணி தாறனான். ஒருநாளும் வேண்டாமெண்டு சொல்லேல்லை நீங்கள். ஊர் எச்சில் தொட்டா அரசாங்கம் சம்பளம் தரும். உங்கட எச்சிலுக்கு என்ன கிடைச்சது எனக்கு?"

"அத்தான், உங்கட மகள் கதைக்கிற கதையைக் கேட்டியளோ?"

வீரகத்தி எழும்பினார். அடிக்கத்தான் எழும்புகிறார் என்று நினைத்து அன்னபாக்கியம் குறுக்கே வந்தார். வீரகத்தி படிக்கத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

"விடுங்கோ, நான் கழுவுறன்" என்று அன்னபாக்கியம் பின்னால் ஓடினார். அவர் கொடுக்கவில்லை. கிணற்றுத் துலா இறங்கி ஏறியது. சாம்பல் போட்டுத் தேய்க்கும் சத்தம் உள்ளே இருந்த இரண்டு பேருக்கும் நன்றாகக் கேட்டது. ஒருமுறை அவர் ஓங்காளித்ததும் கேட்டது. திரும்பி வந்தவர் ஈரக் கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துவிட்டு, கையெழுத்தை வைத்தார்.

"திங்கள் எண்டா, ஞாயிற்றுக்கிழமை ரயில் எடுக்கவேணும்" என்றார்.

கனகலிங்கம் சைக்கிளை எடுத்தார். பிறகு நெடுநாள் அந்தப் பக்கம் வரவில்லை.

கமலாசனி படித்தாள், முடித்தாள். முதலில் முல்லைத்தீவுக் கடற்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை, பிறகு கிளிநொச்சி. ஓட்டைப் பல்லைக் குடையும் இயந்திரத்தைக் காலால் மிதித்துத்தான் ஓட்டவேண்டும். நாளெல்லாம் மிதித்தாள். ஆடக்கூடாது என்று தடுத்த கால் அது என்ற நினைப்பு வரும்போதெல்லாம் வேகம் தானாகக் கூடிவிடும். பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று தன்னையே அடக்கிக்கொள்வாள். மீன்பிடிக்கிறவரின் பிள்ளை, கள்ளுச் சீவுகிறவரின் பிள்ளை, உடையாரின் பேரப்பிள்ளை எல்லாருக்கும் ஒரே கொதிநீரில் அவித்த சாமான்தான். கலியாணம் சரிவரவில்லை. அதற்குக் காரணம் எச்சில் கை என்று கனகலிங்கம் சொல்லித் திரிந்ததும் அவள் காதுக்கு வந்தது.

அறுபத்தெட்டாம் ஆண்டு ஒரு காலையில், பள்ளிக்கூடத்தில் அவள் பல் பார்க்கும் அறைக்கு அவரே வந்தார். பன்னிரண்டு வயது மகள் விமலேஸ்வரியும் கூட வந்திருந்தாள். கையில் மஞ்சள் பூசிய அழைப்பிதழ்.

"விமலேஸ்வரியின்ர அரங்கேற்றம், பிள்ளை. யாழ்ப்பாணத்தில மண்டபம் எடுத்திருக்கிறன். முன்பல்லு ஒண்டு கறுத்துப் போச்சு. மேடையில சிரிக்கேக்க தெரியுமெல்லே?"

கமலாசனி அழைப்பிதழைக் கடைசிவரை வாசித்தாள்.

"சின்னமேளமோ, அம்மான்?"

"சீ, அது வேற. இது பரதம். டொக்டர்மாரின்ர பிள்ளையளெல்லாம் இப்ப பழகுதுகள்."

ஏழு வருஷம். அது எப்போது வேறாகியது என்று அவளுக்கு ஒருவரும் கடிதம் போடவில்லை. பல்லைப் பார்க்க முடியாது, போங்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. பிள்ளை என்ன செய்தாள் பாவம். வரிசையில் ஏழு பேர் நின்றார்கள், எட்டாவதாக நிற்கச் சொன்னாள்.

விமலேஸ்வரி கதிரையில் ஏறிச் சாய்ந்தாள். பயத்தில் அவளுடைய பாதம் கால்பலகையில் ஒரு தாளத்தைத் தட்டியது. அந்த அடவு கமலாசனிக்குத் தெரியும். பல்லைக் குடைந்து துப்புரவாக்கினாள். பிள்ளை வாயைக் கொப்பளித்து, இரத்தமும் எச்சிலுமாகக் கிண்ணத்தில் துப்பினாள்.

கமலாசனி அந்தக் கிண்ணத்தை எடுத்துக் கனகலிங்கத்திடம் நீட்டினாள்.

"இதைக் கழுவிக்கொண்டு வாங்கோ, அம்மான். கழுவினாத்தான் மிச்ச வேலை."

அவர் சுற்றிப் பார்த்தார். வரிசையில் நின்ற பிள்ளைகளும் தாய்மாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மகள் பாதி வேலை முடிந்த பல்லோடு வாயைத் திறந்தபடி இருந்தாள். இரண்டு கையாலும் கிண்ணத்தை வாங்கினார்.

"கிணறு பின்பக்கம்" என்றாள் கமலாசனி. "சாம்பல் அங்கேயே இருக்கு."