வண்டிலில் இருந்து இறங்காதவர்

இல்ஃபோர்டில் எங்கள் பக்கத்து வீட்டில் ஓர் உக்ரேனியப் பெண் வாடகைக்கு இருக்கிறாள். ஓவியம் வரைபவள், கண்காட்சிகளும் அமைப்பவள். கடைத்தெருவில் மூடிக்கிடந்த ஒரு புடவைக் கடையை எடுத்து, அங்கே கண்காட்சி வைத்து எங்கள் இருவரையும் அழைத்திருந்தாள். மனைவிக்கு முழங்கால் வலி. நான் மட்டும் போனேன்.

உள்ளே நீளமான வெள்ளைத் துணி தொங்கியது. இரு ஓரங்களிலும் சிவப்பும் கறுப்புமாக, அவர்கள் ஊர்ப் பாணியில் அவளே போட்ட பூவேலை. நடுவில் பழைய உக்ரேனியக் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று ஓடியது. எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. இருப்பதற்கு ஒரே ஒரு வாங்கு. அதற்கும் சாய்மானம் இல்லை.

படத்தில் ஒரு பெண் வாசலில் நிற்கிறாள். ஏழு வாத்துகள் முற்றத்தைக் கடக்கின்றன. பாலத்தைத் தாண்டி ஒரு குதிரை வண்டில் வந்து வேலிப் படலையடியில் நிற்கிறது. சப்பாத்துப் போட்ட ஒரு கால் வண்டிலில் இருந்து கீழே நீள்கிறது. அவ்வளவுதான். மறுபடி அதே பெண், அதே வாத்துகள். கருவிதான் பழுது என்று நினைத்து நான்கு முறை பார்த்தேன். ஐந்தாம் முறை வாத்துகளை எண்ணவும் அலுத்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கதையைச் சொன்னதும் மனைவி கேட்டாள்.

"வண்டில்ல ஆர் வந்தது?"

"தெரியாது."

"இவ்வளவு நேரம் இருந்துபோட்டுத் தெரியாதாம்! நித்திரை கொண்டிட்டியள்."

"அந்த வாங்கில ஆருக்கு நித்திரை வரும்?"

"அப்ப நாளைக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வாங்கோ. எனக்கு முடிவு தெரியவேணும்."

மறுநாள் போய் அந்த உக்ரேனியப் பெண்ணிடமே கேட்டேன். படத்துக்கு முடிவு இருக்கிறதாம். அவள்தான் அந்த இடத்தில் வெட்டியிருக்கிறாள்.

"போருக்குப் போன என் அண்ணனிடமிருந்து கோடைக்குப் பிறகு செய்தி இல்லை. அவன் வரும்வரை இந்த வண்டிலில் இருந்து யாரையும் இறங்க விடமாட்டேன்" என்றாள்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. எங்கள் ஊரில் இதை நேர்த்தி என்போம். நேர்த்தியைக் கோயிலில் வைக்க வேண்டும். படம் பார்க்க வந்தவன் தலையில் வைக்கக் கூடாது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். துணியில் வண்டில் படலையடிக்கு வந்துவிட்டது. அவள் சட்டென்று முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டாள். வாங்குக்கு ஒரு சாய்மானம் வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

நான் சப்பாத்தைக் கழற்ற முதலே மனைவி கேட்டாள்.

"என்னவாம்? ஆர் வந்தது?"

"இன்னும் வரேல்லை. தேத்தண்ணியைப் போடும்."